மக்காச்சோளத்துக்குப் போட்ட கொண்டை

திருத்தங்கலில் நான் வேலை பார்க்கும் அச்சகத்தில் மூன்று வருடமாக எனக்குக் கல்யாணப் பத்திரிகைதான். பிள்ளையாரோ சிலுவையோ பிறையோ, கேட்டதை மேலே வைத்து, மாப்பிள்ளை பெயரைச் சரிபார்த்து அனுப்புவேன். போன மார்கழியில் ஒருநாள் முதலாளி கூப்பிட்டு, பள்ளிக்கூடச் சுவரில் மாட்டும் சார்ட் ஒன்றைக் கையில் கொடுத்தார். தலைப்பு, வேளாண்மையும் அதன் பிரிவுகளும்.

"படம் பூராம் நீயே வரையணும். நல்லா வந்துச்சுன்னா இனி சார்ட்டு எல்லாம் உனக்குத்தான். பிழை வந்துச்சு, பழையபடி கல்யாணப் பத்திரிகை" என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. என்னை விட்டால் வேறு யாரிடம் கொடுப்பார்? விருதுநகரில் தானியக் கடை வைத்திருப்பவரின் மகன் நான். கண்ணைக் கட்டிவிட்டு உள்ளங்கையில் போட்டாலும் உளுந்தா பாசிப்பயறா என்று சொல்லிவிடுவேன். அந்தக் கடையில் நான் உட்காரவில்லை என்று என்னைப் பெற்ற அத்தாவுக்கு இன்றும் குறை. "பொம்மை போடுறதெல்லாம் ஒரு தொழிலா? பேசாம கடைக்கு வா" என்பார். அவர் வாயை அடைக்கவாவது இந்த சார்ட் நன்றாக வர வேண்டும் என்று இருந்தது.

பயிர், தோட்டம், கால்நடை, மீன், பட்டுப்புழு, தேனீ என்று பிரிவுகளை மேலே வைத்தேன். கீழே விளைபொருட்கள்: தானியம், பயறு, எண்ணெய் வித்து, பருத்தி, மிளகாய் வத்தல், மல்லி. ஒவ்வொன்றுக்கும் ஒரு செடி, பக்கத்தில் ஒரு கைப்பிடி மணி. மணிகளை வரைந்து முடித்தபோது என் கையை நானே முத்தமிடலாம் போலிருந்தது. செடிகளைப் பற்றி அவ்வளவு யோசிக்கவில்லை. கம்புக்கு உச்சியில் கதிர், சோளத்துக்கும் உச்சியில் கதிர், மக்காச்சோளத்துக்கும் அப்படியே வைத்துவிட்டேன். மட்டை பிரிந்து மஞ்சள் முத்துகள் தெரிய, பார்க்க ஜம்மென்று இருந்தது.

வண்ண நகல் மேசைக்கு வந்த சாயங்காலம், தாள் மடிக்கும் பிரிவில் வேலை பார்க்கும் அக்கா ஒருவர் வீட்டுக்குக் கிளம்பும்போது எட்டிப் பார்த்தார். ஆனைக்குட்டம் பக்கமிருந்து பஸ்ஸில் வருகிறவர், கொஞ்சம் நிலமும் உண்டு. பார்த்தவர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

"என்னக்கா?"

"மக்காச்சோளத்துக்குக் கொண்டை போட்டு விட்டிருக்கீக தம்பி. கருது இடுப்புலல்லவா இருக்கும்!"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "மூட்டை மூட்டையாப் பாத்து வளந்தவன்க்கா நான்."

"மூட்டையிலதான பாத்தீக" என்றபடி அவர் பஸ்ஸுக்கு ஓடினார்.

செல்போனில் ஒரு நிமிடம் தேடியிருந்தால் தெரிந்திருக்கும். ரோஷம் விடவில்லை. சரி என்று கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன்.

மறுநாள் காலையில் நான் போனபோது மெஷின் ஓடத் தொடங்கியிருந்தது. பின்னாலேயே அக்கா வந்தார். தோளில் வேரோடு பிடுங்கிய மக்காச்சோளத் தட்டை, அவரைவிட உயரம். கண்டக்டர் அதற்கும் ஒரு டிக்கெட் எடுக்கச் சொன்னாராம். உச்சியில் வெறும் பூ. கதிரோ நடுத்தண்டில், இடுப்பில் வைத்த பிள்ளை மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது.

பேசாமல் இருந்தால் லோடு போய்விடும், யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்று ஒரு நினைப்பு ஓடியது. ஆனால் என்னைப் போல மூட்டையில் மட்டும் பார்த்த பிள்ளைகள் அந்தப் படத்தை அப்படியே நம்பிவிடுவார்களே! "மெஷினை நிறுத்துங்கண்ணே!" என்று கத்தினேன்.

முதலாளி ஓடிவந்தார். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அக்கா நேற்றே சொல்லியும் வீம்புக்குக் கையெழுத்துப் போட்டதையும் சொன்னேன். முதலாளி தட்டையை ஏற இறங்கப் பார்த்தார், என்னையும் அப்படியே பார்த்தார். பிறகு அச்சான தாள் ஒன்றை அக்காவிடம் நீட்டி, "வேற என்னென்ன கூத்து இருக்குன்னு நீயே பாரும்மா" என்றார்.

துவரையை நான் கொடியாகப் படரவிட்டிருந்தேன். அது ஆள் உயரத்துக்கு நிற்கும் செடியாம். அப்புறம் அவர் விரல் கால்நடைக்குப் போனது. "மாடு இருக்கு, கோழி இருக்கு. நம்ம பக்கத்து சார்ட்டுல ஆட்டைக் காணோமே?"

மெஷின்காரர் முதல் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். முதலாளிக்கும் அடக்க முடியவில்லை. "அடுத்த சார்ட்டும் நீயே போடு. ஆனா இந்தம்மா பாக்காம மெஷினுக்குப் போகக் கூடாது" என்றார். தட்டையை மேசையில் சாய்த்துவைத்து, அன்றைக்கே திருத்தி வரைந்தேன். ஆடும் ஏறியது. வரைந்து முடித்த கையோடு கதிரை வேகவைத்து, ஆளுக்குப் பத்து முத்து தின்றோம்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு சார்ட்டைக் கொண்டுபோய் அத்தாவின் கடையில் மாட்டினேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"உளுந்து உளுந்தாவே இருக்குலே" என்றார். என் வேலையைப் பற்றி அவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை. இன்னொரு தடவை சொல்ல மாட்டாரா என்று பக்கத்தில் போய் நின்றேன். அதற்குள் அவர் விரல் மக்காச்சோளத்தில் போய் நின்றது. முகம் மாறியது.

"ஏலே, கருது உச்சியிலல்லவா இருக்கணும்? இடுப்புல கொண்டு வச்சிருக்கியே!" வாடிக்கையாளர் காதில் விழாதபடி குரலைத் தாழ்த்தினார். "முதலாளி பாக்குறதுக்குள்ள மாத்திரு. வேலைக்கு எதுவும் ஆயிரப் போவுது."