சவுரியம்மாள் பின்னிய முக்காடு

சவுரியம்மாள் வீட்டில் அந்த வருஷம் ஆடி மாதத்தோடு களி கிண்டுவது நின்றுபோனது. கேழ்வரகுக்குப் பஞ்சமில்லை. புருஷன் பெண்சாதிக்குள் சண்டையும் இல்லை. களி கிண்ட இரண்டு கையும் வேண்டும், நூலில் லேசு பின்னவும் இரண்டு கையும் வேண்டும், அவ்வளவுதான் சங்கதி. நாலு கை வைத்த சாமிகள் அடுத்த தெருவில்தான் இருந்தன. ஆனால் சவுரியம்மாள் வேதக்காரி.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசி அது. ஆம்பூரில் தோல் பதனிடும் கொட்டகை ஒன்றில் சவுரியம்மாளுக்குத் தோல் ஊறப்போடுகிற ஆவாரம்பட்டையை இடிக்கிற வேலை. அவள் புருஷன் சூசை அதே கொட்டகையில் சுண்ணாம்புக் குழியில் இறங்கி வேலை செய்கிறவன். காலையில் சங்கு ஊதினால் இருவரும் உள்ளே. பொழுது சாய்ந்தால் வெளியே. இடையில் ஒரு சாப்பாட்டு வேளை. இந்த மூன்றுக்கும் நடுவில் அடுப்பு, தண்ணீர், விறகு, மாவரைப்பு, ஞாயிற்றுக்கிழமைப் பூசை எல்லாம் அடங்கவேண்டும். இவ்வளவும் போதாது என்று ஒருத்தி லேசு பின்ன உட்கார்ந்தாள் என்றால், அவளுக்குக் கொழுப்பு என்றுதான் தெருவில் பேசுவார்கள். பேசினார்கள்.

அவளுக்கு இருந்தது கொழுப்பல்ல, வைராக்கியம். ஒரே மகள் அருளாயிக்கு மாதனூரில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தது. கல்யாணத்துக்கு மாதா கோயிலில் நிற்கிற பெண் தலையில் வெள்ளை முக்காடு போடவேண்டும், அதன் ஓரத்தில் பூப்பூவாய்ப் பின்னிய லேசு இருக்கவேண்டும். அந்த லேசைப் பெண்ணைப் பெற்றவள் தன் கையால் பின்னிக் கொடுப்பதுதான் அந்தக் கோயில் பங்கில் கௌரவம். முடியாத ஏழைகளுக்கென்று கோயிலில் ஒரு பொது முக்காடு உண்டு. கோயில் உபதேசியார் பெண்சாதி மரியம்மாள் அதைப் பெட்டியில் பூட்டி வைத்திருப்பாள். யார் வீட்டுக் கல்யாணமானாலும் எடுத்துக் கொடுத்து, மறுநாளே திருப்பி வாங்கிக்கொள்வாள்.

சவுரியம்மாள் தன் கல்யாணத்தில் போட்டது அந்தப் பொது முக்காட்டைத்தான். அன்றைக்கும் அவள் பட்டை இடிக்கிறவள். ஆவாரம்பட்டைச் சாறு ஊறிய கை எந்தக் காரம் போட்டுத் தேய்த்தாலும் வெளுக்காது. பயத்தில் வியர்த்த கையால் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள். ஓரத்தில் பழுப்பாய் விரல் பதிந்துவிட்டது. பூசை முடிந்ததும் மரியம்மாள், மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேரும் நிற்கும்போது, "கை கழுவ மாட்டியாடீ நீ?" என்று கேட்டாள். அந்த ஒரு கேள்வி சவுரியம்மாள் நெஞ்சில் முள்ளாய்த் தைத்துக்கொண்டது. என் வயிற்றில் பெண் பிறந்தால் அவள் அந்தப் பெட்டி வாசலில் போய் நிற்கமாட்டாள் என்று அன்றைக்கே சொல்லிக்கொண்டாள்.

கன்னியர் மடத்துச் சகோதரி ஒருத்தியிடம் லேசு பின்னக் கற்றுக்கொண்டாள். அருளாயிக்கும் பின்னத் தெரியும், அம்மாவைவிட வேகமாகவே வரும். "குடும்மா, நான் ரெண்டு வரிசை போட்றேன்" என்று கேட்டால் தாய் கொடுக்கமாட்டாள்.

"நீ பின்னிக்கினா அது நான் குடுத்ததாவுமா? போய் வெங்காயத்தை உரி."

கொக்கி ஊசியைச் சூசை மூங்கிலில் சீவிக் கொடுத்தான். சுண்ணாம்பு அரித்த விரல்களால் அவ்வளவு வழவழப்பாய் அவன் எப்படிச் சீவினான் என்பது அவனுக்கே தெரியாது. கொடுத்த பிறகுதான் பாவம், தன் வாய்க்குத் தானே பூட்டு போட்டுக்கொண்டோம் என்று உணர்ந்தான். ஏனென்றால் அன்று முதல் அந்த வீட்டில் என்ன சமைப்பது என்பதை நாக்கு தீர்மானிக்கவில்லை, லேசு தீர்மானித்தது. கிளறவேண்டிய எதுவும் ஆகாது. திருப்பிப் போடவேண்டிய தோசை ஆகாது. தானாய்க் கொதித்துத் தானாய் அடங்குகிற கஞ்சியும் புளிக்குழம்பும் லேசுக்குச் சிநேகிதர்கள். கஞ்சி கொதிக்கும் நேரத்தில் ஒரு பூ முடியும். பருப்பு வேகத் தாமதமானால் இரண்டு பூ. அதனால் வேகாத பழைய பருப்பாய்ப் பார்த்து வாங்கினாள் என்று சூசை கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தான். அது அபாண்டம் என்று அவள் சொல்லுவாள். நமக்கென்னவோ சூசை பக்கம்தான் நியாயம் இருக்கிற மாதிரி தெரிகிறது.

"ஏ சவுரி, களிய கண்ணால பாத்து எத்தினி நாளாச்சு? கல்யாணத்துக்குள்ள நான் கஞ்சியிலேயே கரைஞ்சு பூட்டன்னா, பொண்ண யார் கைல புடிச்சிக் குடுப்ப?"

"தபசு காலம் வரதுக்குள்ள கல்யாணம் முடிஞ்சிடும்யா. அப்பால ரெண்டு வேளையும் களியே துன்னு. இப்ப வாய மூடிக்கினு குடி."

தபசு காலம் தொடங்கிவிட்டால் கோயிலில் கல்யாணம் கிடையாது. சாம்பல் புதனுக்கு முன்னால் முடிக்காவிட்டால் ஈஸ்டர் வரை காத்திருக்கவேண்டும். மாப்பிள்ளை வீட்டார் காத்திருக்க மாட்டோம் என்று சொல்லியிருந்தார்கள்.

பின்ன உட்காருமுன் அவள் கையைப் படுத்துகிற பாடு சொல்லி மாளாது. சாம்பல், புளி, சீயக்காய் என்று ஒவ்வொன்றாய்ப் போட்டுத் தேய்த்து, அதற்கும் மேலே விரலில் வெள்ளைத் துணி சுற்றிக்கொள்வாள். சுற்றினால் நூல் பிடிபடாது. பல்லைக் கடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பின்னுவாள், பிறகு துணியை வீசி எறிந்துவிட்டு வெறும் விரலால் பின்னுவாள். ஆவணியில் லேசு முழங்கை நீளத்துக்கு வந்தது. தை பிறந்தபோது முக்காட்டைச் சுற்றிவர எட்டியது. வெயிலில் பிடித்துப் பார்த்தாள். சந்தன நிறத்தில் ஒரு சாயல் இருந்தது, கறை என்று சொல்ல எதுவுமில்லை. "நூலே அப்படித்தான்" என்று தனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாள். விரலில் இருந்த பட்டைச் சாறு ஒவ்வொரு முடிச்சிலும் கண்ணுக்குத் தெரியாமல் ஏறி உட்கார்ந்திருந்தது அவளுக்குத் தெரியாது.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். பட்டை ஊறிய தோலுக்கு இரும்பு ஆகாது. இரும்பு பட்ட இடம் மை கொட்டினதுபோல் கறுத்துவிடும். அதனால் அந்தக் கொட்டகையில் உலக்கைக்கு இரும்புப் பூண் கிடையாது, இரும்பு வாளி கிடையாது, எல்லாம் மரமும் மண்ணும்தான். அந்த ஐப்பசியில் கோவிந்தம்மாள் என்று ஒருத்தி புதிதாய் வேலைக்கு வந்தாள். விறகு வெட்டிவிட்டு வந்தவள், கையிலிருந்த கத்தியை ஈரத்தோல் அடுக்கின்மேல் சாவகாசமாய் வைத்துவிட்டாள். சவுரியம்மாள் உலக்கையைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"இன்னாடி பண்ற? பட்டைச் சாறு கீற எடத்துல இரும்பக் கொண்டாருவியா? மேஸ்திரி பார்த்தாருன்னா ஒன்னை இல்ல, என்னையும் சேத்துத் தொரத்துவாரு!"

மேஸ்திரி நயீம் அகமது பார்க்கத்தான் செய்தார். "விடு சவுரி, புச்சு ஆளு" என்று கறுத்த இடத்தில் எலுமிச்சம்பழம் தேய்க்கச் சொன்னார். கறை ஒருமாதிரி மங்கியது. அன்றிலிருந்து கோவிந்தம்மாள் சவுரியம்மாளை அக்கா என்று கூப்பிடத் தொடங்கினாள். திட்டினவளிடம் ஒட்டிக்கொள்கிற சுபாவம் சிலருக்கு உண்டு.

கல்யாணத்துக்கு முந்தின நாள். கொட்டகையில் லீவு கேட்டதற்கு அரைநாள்தான் கிடைத்தது. உச்சிவெயிலில் வீட்டுக்கு ஓடிவந்தவள் மாதனூரிலிருந்து வரப்போகிற ஜனத்துக்குச் சமைக்கவேண்டும். முக்காட்டையும் அலசிக் கஞ்சி போட்டு விறைப்பாக்கவேண்டும். லேசு பூப்பூவாய் எடுத்து நிற்க வேண்டாமா? பித்தளைத் தவலையில் பருப்பு வெந்துகொண்டிருந்தது. மண்சட்டிகளில் பூராவும் கருவாட்டு வாசனை. அதில் முக்காட்டைப் போட்டால் மணப்பெண் கோயிலுக்குள் கருவாடாய் மணப்பாள். காலியாய் இருந்தது ஒரு இரும்புச் சட்டி. புதுச் சட்டி, அருளாயி மணல் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று கவிழ்த்து வைத்திருந்தாள்.

சவுரியம்மாள் அதை நிமிர்த்தினாள், வடித்த கஞ்சியைச் சூடாய் ஊற்றினாள், முக்காட்டை அமுக்கினாள், மேலே தட்டைப் போட்டு மூடினாள். அந்த நேரத்தில் குழம்பு பொங்கியது. அதைப் பார்க்கப் போனாள். பூசணி நறுக்க ஆள் வந்தது. மாப்பிள்ளை வீட்டு முன்னோடிகள் வந்து மோர் கேட்டார்கள். தோலுக்கு ஆகாதது நூலுக்கும் ஆகாது என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அது கொட்டகைச் சட்டம், இது வீடு. கொட்டகையில் கைக்குத் தெரிந்தது வீட்டு வாசலில் மறந்துபோயிற்று.

விளக்கு வைக்கிற நேரத்தில் கோவிந்தம்மாள் ஒத்தாசைக்கு வந்தாள். சட்டியைத் தள்ளி வைக்கலாம் என்று தட்டைத் தூக்கியவள், தூக்கியபடியே நின்றாள்.

"அக்கா... இது இரும்புச் சட்டிதான? நீதான சொன்ன?"

சவுரியம்மாள் வந்து பார்த்தாள். முக்காட்டின் நடுத்துணி வெள்ளையாகவே இருந்தது. லேசு மட்டும் கறுத்திருந்தது. அவள் விரல் எங்கெங்கே அழுத்திப் பிடித்ததோ, அங்கெல்லாம் முடிச்சுக்கு முடிச்சு நீலமும் கறுப்புமாய்ப் புள்ளி. ஆடியிலிருந்து அவள் கை நகர்ந்த வழி முழுக்க மை வைத்துக் காட்டின மாதிரி இருந்தது.

சூசை கடைத்தெருவுக்கு ஓடி மடிநிறைய எலுமிச்சம்பழம் வாங்கி வந்தான். அவனும் அவளும் கோவிந்தம்மாளும் உட்கார்ந்து தேய்த்தார்கள். கறை கறுப்பிலிருந்து சாம்பலுக்கு வந்தது, அதற்குமேல் வரமாட்டேன் என்றது. இன்னும் அழுத்தினால் நூல் இற்றது. ஒரு பூ பிய்ந்து சூசை கையோடு வந்துவிட்டது. அவன் அந்தப் பூவை எங்கே வைப்பது என்று தெரியாமல் உள்ளங்கையில் வைத்துக்கொண்டே இருந்தான்.

அருளாயி கதவோரமாய் நின்று எல்லாவற்றையும் பார்த்திருந்தாள்.

"நான் இதையே போட்டுக்கறேம்மா. கறை கம்மியாத்தான் தெரியுது."

"கல்யாணப் பொண்ணு தலையில கறுப்பா? ஒன் மாமியா அங்கியே கெட்ட சகுனம்னுவா. காலம்பூரா சொல்லிக் காட்டுவா." சவுரியம்மாள் எழுந்து புடவையை உதறினாள். "நான் போயிட்டு வரேன்."

இத்தனை வருஷமாய் எந்த வாசலில் தன் பெண் போய் நிற்கமாட்டாள் என்றாளோ, அந்த வாசலுக்குத் தன் காலாலேயே போனாள். மரியம்மாளுக்கு வயதாகி முதுகு வளைந்திருந்தது. பழைய கோபமெல்லாம் அவளிடம் இல்லை. சொல்லப்போனால் சவுரியம்மாளைத் திட்டியதே அவளுக்கு ஞாபகம் இல்லை. பெட்டியைத் திறந்து முக்காட்டை எடுத்து நீட்டினாள். சவுரியம்மாள் கையை நீட்டவில்லை.

"நீங்களே காலையில கொண்டாந்து போட்டுவுடுங்கம்மா. நான் தொட மாட்டேன்."

"ஏன் புள்ள? பெத்தவ நீ இருக்கச் சொல்ல நான் எதுக்கு?"

"தொட்டா கறையாவும்மா."

காலையில் அப்படியே நடந்தது. வெள்ளைப் புடவையில் நின்ற அருளாயி, "அம்மா, நீ போட்டுவுடு" என்றாள். தாய் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு தலையை ஆட்டினாள். அருளாயி இன்னொரு தரமும் கூப்பிட்டாள். ஜனமெல்லாம் பார்த்தது. மரியம்மாளே முக்காட்டைப் போட்டுவிட்டாள். கோயிலுக்குள் பூசை நடந்த நேரம் முழுக்க சவுரியம்மாளுக்கு ஜெபம் ஓடவில்லை. எந்தப் பூ எந்தக் குழம்பு கொதித்தபோது பின்னியது என்பதெல்லாம் ஒவ்வொன்றாய் நினைவுக்கு வந்தது. தவலையில் இருந்த பருப்பை வேறு சட்டிக்கு மாற்றிவிட்டு அதில் கஞ்சி போட்டிருக்கலாமே, சற்றுப் பொறுத்திருக்கலாமே என்று மனசு அரித்தது. பொறுக்க நேரம் எங்கே இருந்தது என்று அதே மனசு திருப்பிக் கேட்டது.

பந்தியில் மாதனூர்க்காரர்கள் குழம்பை மறுபடி மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். சம்பந்தியம்மாள் ஏப்பம் விட்டுவிட்டு, "இன்னா கைப்பக்குவம்மா ஒனக்கு! எங்க, அந்தக் கையக் காட்டு" என்றாள். சவுரியம்மாள் கையைப் புடவைக்குள் சுருட்டிக்கொண்டு, இன்னும் கொஞ்சம் சோறு போடட்டுமா என்று கேட்டாள்.

வண்டி கட்டியாயிற்று. பொது முக்காட்டை மரியம்மாள் மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள். வண்டியில் ஏறப்போன அருளாயி திரும்பி வந்து, அம்மாவின் முதுகுக்குப் பின்னால் கையை விட்டு, அங்கே கட்டியிருந்த இரண்டு கைகளையும் பிடித்து முன்னால் இழுத்தாள். இழுத்து, அந்தப் பழுப்புக் கைகளைத் தன் வெற்றுத் தலைமேல் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"விடுடி. புதுப் பொடவை. வேர்த்திருக்குடி கை. கறையாவும், விடுடி."

அருளாயி விடவில்லை. அவள் கண்ணீர் தாயின் மணிக்கட்டு வழியாய் இறங்கியது. பொழுது விடிந்தால் பொழுது சாய்ந்தால் பூண் இல்லாத உலக்கையைத் தூக்கிப் போடுகிற கைகள் அவை. மகள் பிடியிலிருந்து விடுவித்துக்கொள்ள அன்றைக்கு அவற்றில் பலம் இல்லை. மாதனூர் பார்க்க, ஆம்பூர்த் தெரு பார்க்க, சவுரியம்மாள் அப்படியே நின்றாள்.