வெளிச்சம் வந்தால் முக்காடு

மாலை ஆறு நாற்பதுக்கு ஐஸ் பெட்டியைத் திறந்தேன். உள்ளே தண்ணீர்தான் இருந்தது. மூடியில் விரிசல்.

மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்தில், வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக் காம்பராவில், குழந்தைகளின் குட்டிக் கதிரைகளில், கொழுந்து பறிக்கும் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். உடம்பில் மெலடோனின் எப்போது சுரக்கத் தொடங்குகிறது, அதன் பிறகு சாப்பிட்டால் இரத்தச் சர்க்கரை எப்படி ஏறுகிறது என்பதுதான் என் ஆய்வு. அரை மணிக்கொரு தடவை பஞ்சைச் சப்பி எச்சில் சாம்பிள் தரவேண்டும். அதை உடனே ஐஸில் வைக்கவேண்டும். கண்ணில் வெளிச்சம் பட்டால் மெலடோனின் அடங்கிவிடும். அதனால் மங்கலான ஒரு சிவப்பு பல்பு மட்டும். டோர்ச், போன் எல்லாம் தடை.

தோட்டத்து ஒபிஸ் போனில், வத்தேகம வீட்டிலிருந்த மகள் திவ்யாவை அழைத்தேன்.

"மீன் கடையில ஐஸ் வாங்கி ஸ்கூட்டர்ல கொண்டாறேன்மா."

போனை வைத்ததும் மழை பிடித்தது.

கதவில்லாத காம்பரா வாசல் ரோட்டு வளைவைப் பார்த்திருந்தது. ஸ்கூட்டர் லைட் நேரே உள்ளே விழுமே என்றேன்.

"அவ்வளவுதானே? முக்காடு போட்டுக்குவோம்" என்றார், பெண்களில் மூத்தவரான செல்வமணியக்கா.

ஆய்வுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: விதியை மட்டும் சொல்லாதீர்கள், காரணத்தையும் சொல்லுங்கள். காரணம் தெரிந்தவர் வழியைத் தானே கண்டுபிடிப்பார்.

வளைவில் முதல் வெளிச்சம் தெரிந்தது. "வருது, போடுங்கடி!" முந்தானைகள் தலையேறின. நான் வாசலுக்கு ஓடினேன். கொழுந்து லொறி.

"லொறிக்கு முக்காடா! எங்க மாமனாருக்கே நான் போட்டதில்லடி!" என்றாள் ஒருத்தி.

குட்டிக் கதிரைகள் குலுங்கின. அடுத்தது ஆட்டோ, அதற்கடுத்தது வேன். ஒவ்வொரு முறையும் முக்காடு, சிரிப்பு, என் ஓட்டம். திவ்யா வரவேண்டிய நேரம் எப்போதோ தாண்டிவிட்டது.

"ரோட்டுல மண்ணு கிண்ணு சரிஞ்சிருக்குமோ?" என்றது ஒரு குரல்.

"வாயில பஞ்ச வைடி!" என்று அதட்டினார் செல்வமணியக்கா.

எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. டோர்ச்சை எடுத்தேன்.

"டொக்டரம்மா, அது நீங்க போட்ட சட்டமாச்சே?" என்றார் செல்வமணியக்கா.

"என் பிள்ளைய இன்னும் காணோமே அக்கா."

அவர் முதலில் தன் முந்தானையைத் தலைக்கு இழுத்தார். "எல்லாரும் முக்காடு போடுங்கடி. நீங்க போய்ப் பாருங்க டொக்டரம்மா, நீங்க வர்ற வரைக்கும் எடுக்க மாட்டோம்."

வாசலைத் தாண்டி டோர்ச்சை அடித்தேன். வெளிச்சத்துக்குள், தலையிலிருந்து சொட்டச் சொட்ட, ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு திவ்யா வந்தாள்.

"அணைங்கம்மா! உள்ள வெளிச்சம் படக்கூடாதுன்னு நான் வளைவுக்கு அந்தப் பக்கமே லைட்ட அணைச்சுட்டு மேடெல்லாம் தள்ளிக்கிட்டு வர்றேன், நீங்க டோர்ச் அடிக்கிறீங்க!"