அவள் பக்கத்துச் செயலிகள்

போர் அதன் கடைசி ஆண்டுகளில் இருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த நான், கண்டியில் ஓர் ஆய்வுகூடத்தின் கணினிகளைப் பார்த்துக்கொண்டே மேற்படிப்பும் படித்தேன். முடித்துவிட்டு நாட்டை விட்டுப் போய்விட வேண்டும், வேறு நினைப்பில்லை. அங்கிருந்த மற்றொரு தமிழர் பன்வில தோட்டத்துப் பெண், தற்காலிக உதவியாளர்; வேலையோடு படித்துக்கொண்டும் இருந்தாள். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் பஸ்ஸை மறித்து விசாரிக்கும் நாட்களில் பிந்தி வருவாள். என்னை அக்கா என்பாள்.

எங்கள் பெரிய கணினிக்கு இரண்டு பாதிகள். ஒவ்வொன்றுக்கும் கணக்குப் போடும் தனிச் செயலிகள், அதாவது புரொசெசர்கள், தனி நினைவகம். ஒன்றில் என் கணக்கு ஓடியது, மற்றதில் அவளுடைய மண்சரிவுக் கணக்கு. வட்டில் எழுதுவது போன்ற தன் சொந்த வேலைகளுக்கு இயங்குதளம் கேர்னல் இழைகள் என்ற சிறு வேலைகளை ஓட்டும்; அவை எந்தச் செயலியிலும் வந்து குறுக்கிடும். என்னுடையது இடைஞ்சலின்றி ஓடட்டும் என்று, கட்டக்கூடிய இழைகளையெல்லாம் அவள் பக்கத்துச் செயலிகளோடு கட்டிவிட்டேன். அவளுடைய கணக்கில் ஒரு செயலி பிந்தினால் மற்றவையெல்லாம் அதற்காகக் காத்து நிற்கும். அது எனக்குத் தெரியும்.

"அக்கா, என்னோடது மட்டும் ஏன் இப்புடி இழுக்குது? மெஷின்ல ஏதாச்சும் மாத்துனீங்களா?"

"இல்லையே. உம்மட புரோகிராமிலதான் பிழை இருக்கும். திருப்பிப் பாரும்."

நம்பினாள். இரண்டு வாரம் திருத்தித் திருத்தி எழுதினாள். கூட்டத்தில் ஆய்வுகூடத் தலைவர் ஏன் இன்னும் முடியவில்லை என்று கேட்டபோது, "என் பிழைதான் சேர்" என்றாள். நான் குறிப்பேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுடைய ஒப்பந்தம் நீடிக்கப்படவில்லை.

அவள் போன பிறகு இழைகளின் கட்டை அவிழ்த்து, அவள் முதலில் எழுதியதையே ஓட்டிப் பார்த்தேன். இரண்டே நாளில் முடிந்தது. முடிவுகளை அவள் பெயரில் தலைவரிடம் கொடுத்தேன். ஏன் தாமதமானது என்பதை மட்டும் சொல்லவில்லை.

வெளிநாட்டிலிருந்து ஒருமுறை விடுமுறைக்கு வந்தபோது, கட்டுகஸ்தோட்டையில் பஸ்ஸுக்கு நின்றவளைக் கண்டேன். ஒரு கடையில் கணக்கெழுதுகிறாளாம். அங்கேயே எல்லாவற்றையும் சொன்னேன்.

பஸ் வரும் பக்கம் பார்த்தாள்.

"எனக்குத்தான் மூளை பத்தலன்னு நெனச்சேன் அக்கா. அதோட படிப்பையும் விட்டுட்டேன்."

"நான் தலைவருக்கு எழுதிறன். உண்மையைச் சொல்லுறன்."

"இப்ப எதுக்கு?" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பன்வில பஸ் வந்தது, ஏறிவிட்டாள்.

எழுதத்தான் செய்தேன். தலைவர் ஓய்வுபெற்றுவிட்டாராம்; அவருடைய இடத்தில் இருந்தவர் 'கடிதம் கிடைத்தது, நன்றி' என்று ஒரு வரி அனுப்பினார்.