சோதனைக்குப் போன பெட்டி வேறு

எங்கள் ஊரில் எதற்கும் முதலில் லேபிள் அடித்துவிடுவார்கள். சரக்கு பிறகு வரும். சிவகாசியில் அச்சகத்துக்கா பஞ்சம்? ஆனால் சோதனைக்கே போகாத ஒரு பெட்டிக்கு, ரேடியோ அலைச் சோதனையில் தேறியது என்று லேபிள் அடித்து, அதைக் கட்டுக்கட்டாக என் மேஜையில் கொண்டுவந்து போட்ட அன்று எனக்கு ரத்தம் கொதித்தது.

அந்தப் பெட்டியை வடிவமைத்தவள் நான். கோயில் கொடைத் திருவிழா, கல்யாண வாணவேடிக்கைகளில் யாரும் நெருப்போடு வாணத்தின் பக்கத்தில் போக வேண்டாம். தூரத்தில் நின்று ரிமோட்டை அழுத்தினால் போதும். பெட்டிக்குள் கடையில் வாங்கிய ஒரு வயர்லெஸ் மாட்யூல் இருக்கிறது. ரிமோட் கேட்டால் தயார் என்று அது பதில் அனுப்பும். வாணத் திரியில் இக்னைட்டர் என்று ஒரு மெல்லிய கம்பி. மின்சாரம் பட்டதும் பற்றிக்கொள்ளும். அந்தக் கம்பிகளைப் பெட்டியில் ஒவ்வொன்றாக முறுக்கி மாட்டுகிறவர் என் வீட்டுக்காரர்.

"மாட்யூலுக்கு அதச் செஞ்ச கம்பெனியே சர்டிபிகேட் கொடுத்திருக்கு. பெறகு நமக்கு எதுக்கும்மா தனியா டெஸ்ட்டு?" என்றார் முதலாளி. அந்தச் சர்டிபிகேட் மாட்யூலோடு வந்த குட்டி ஆண்டெனாவுக்கு. தூரம் எட்டவில்லை என்று அதைக் கழற்றிவிட்டு நீள ஆண்டெனா மாட்டச் சொன்னதே அவர்தான். மல்லுக்கட்டி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு சென்னைக்குப் போனேன்.

அந்தச் சோதனை அறையின் சுவர் முழுக்கப் புஸ்வாணத்தை அடுக்கி வைத்த மாதிரி நீலக் கூம்புகள். நடுவில் பெட்டி மெதுவாகச் சுற்றியது. வெளியே திரையில் ஒரு சிவப்புக் கோடு. அலை அதைத் தாண்டக் கூடாது. மூன்று இடத்தில் தாண்டியது. நீள ஆண்டெனா இருக்கும்வரை தேறாது என்றார் சோதனை செய்தவர். பக்கத்தில் இக்னைட்டர் கம்பி நீளமாகக் கிடந்தால் இந்த அலையால் அதில் மின்சாரம் ஏறுமா என்று கேட்டேன். ஏறினால் ரிமோட்டை அழுத்தும் முன்பே, மாட்டுகிறவர் கையிலேயே பற்றிக்கொள்ளும். "அளந்து பார்க்காம எதுவும் சொல்ல முடியாது. ஏறவே ஏறாதுன்னு மட்டும் சொல்ல மாட்டேன்" என்றார்.

ஊர் திரும்பி இதைச் சொன்னேன். குழம்பில் உப்புக் குறைந்தால் யோசனை சொல்கிற மாதிரி முதலாளி சொன்னார்: "பளைய குட்டி ஆண்டெனாவ மாட்டி இன்னொரு பெட்டிய அனுப்பு. பாஸாகட்டும். லோடு ஏத்தும்போது பெருச மாட்டிக்கிடலாம்."

இதே மனிதரின் பட்டாசு ஆலையில், இடுப்பில் பட்டன் போனோடு உள்ளே வந்த ஒரு பெண்ணை அன்றைக்கே வேனில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பினார்கள். போனின் அலை ஆபத்தாம். அவளுக்கு ஒரு சட்டம், இவர் பெட்டிக்கு ஒரு சட்டமா? அந்தப் பெட்டியை நான் எடுத்துப் போக மாட்டேன் என்று முகத்துக்கு நேராகச் சொன்னேன். வேறு ஆளை அனுப்பினார். பாஸாகி வந்தது. சர்டிபிகேட்டைக் கண்ணாடி போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து ஆபீஸ் சுவரில் மாட்டினார்கள்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "சீசன் நேரத்துல வம்பு எதுக்குப் புள்ள? நான் பாத்துச் செஞ்சுக்கிடுதேன்" என்றார். எதைப் பார்த்து? அலை கண்ணுக்குத் தெரியுமா?

லோடு ஏற்றும் அன்று வண்டி வருவதற்கு முன்பே கம்பெனிக்குப் போய், பெட்டி பெட்டியாக நீள ஆண்டெனாவைக் கழற்றிக் குட்டியை மாட்டினேன். முக்கால்வாசி முடித்து, அவை வண்டியில் ஏறிக்கொண்டிருக்கும்போது முதலாளி வந்துவிட்டார்.

"என்னம்மா பண்ணுத? இது பாதி மைதானங்கூட எட்டாதே! அம்புட்டும் திரும்பி வந்திரும்!"

"அண்ணாச்சி, பொட்டு வச்சு மாட்டியிருக்கீகளே, அந்தச் சர்டிபிகேட் இந்தப் பெட்டிக்குத்தான். இதத்தான் ஏத்தணும். தூரம் எட்டணும்னா மூணு வாரம் கொடுங்க, ஒழுங்காப் பண்ணி டெஸ்ட்டுல தேத்தித் தாரேன்." கழற்றிய நீள ஆண்டெனா ஒன்றை அவர் முன்னால் நீட்டினேன். "முடியாதுன்னா பெருசையே மாட்டுதேன். ஆனா அன்னைக்கு மைதானத்துக்கு நீங்க வாங்க. எங்க வீட்டுக்காரரு தள்ளி நிக்கட்டும். கம்பிய நீங்க முறுக்குங்க."

வண்டிக்காரர் கயிற்றைப் பிடித்தபடி நின்றார். முதலாளி பெட்டியைப் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார்.

"லோட எறக்குங்கப்பா. மூணு வாரம் பொறுத்து ஏத்திக்கிடலாம்" என்றார்.