என் வகுப்பில் மலைக்கு இடமில்லை

மண்டூர்ப் பக்கத்தில் ஏறி நின்று பார்க்க ஒரு மேடுகூடக் கிடையாது. வயலும் வாவியும்தான். ஆனால் எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடம் “உங்கட ஊரைக் கீறுங்க” என்று சொன்னால் போதும், இரண்டு மலை எழும்பிவிடும். நடுவில் சூரியன், அதற்குக் கீழே வளைந்து வரும் ஆறு, கரையில் ஓட்டு வீடு, பக்கத்தில் ஒரு தென்னை. டியூஷனில் பழக்கிவிட்ட படம் அது. சோதனையில் எந்தத் தலைப்பு வந்தாலும் அந்த மலைக்கு முன்னால்தான் பொங்கல் பொங்கும், சந்தை கூடும், தேர் ஓடும்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். சித்திர பாடத்தை என்னிடம் தந்த முதல் கிழமையே சட்டம் போட்டேன். “இந்த வகுப்புக்குள்ள மலை வரப்படாது. கீறத்தான் வேணுமெண்டா அந்த மலையை முதல்ல யன்னலால எனக்குக் காட்டுங்க.” பிள்ளைகள் சிரித்தார்கள். பிறகு தூரிகையும் கையுமாகத் திகைத்துப்போய் இருந்தார்கள். மலையை எடுத்துவிட்டால் சூரியனை எங்கே வைப்பது என்று கேட்டு ஒருத்தி உண்மையாகவே அழுதாள்.

பெற்றோர் சும்மா இருப்பார்களா? டீச்சர் மலை கீற விடுகிறாவில்லை, பிள்ளைக்குப் புள்ளி போகப்போகிறது என்று பள்ளிக்கூட அதிபரிடம் போய் நின்றார்கள். அந்த வருடம் சித்திரம் எடுக்க மிஞ்சிய பிள்ளைகள் உட்காரும் வாங்கு ஒன்றில் அடங்கிவிட்டார்கள். அதிபர் கெட்டவர் இல்லை, ஆனால் சோதனைப் பெறுபேறு என்ற சொல்லைக் கேட்டால் அவருக்கு வேறு ஒன்றும் கேட்காது.

“டீச்சர், இந்த முறை சித்திரப் போட்டியில ஒரு இடமாவது வரவேணும். இல்லாட்டி அந்த வகுப்பை மூடிப்போட்டு உங்களுக்குச் சுகாதாரம் தாறன்” என்றார்.

சுகாதார பாடத்தோடு எனக்கு ஒரு பகையும் இல்லை. ஆனால் பல் துலக்கும் முறையைச் சொல்லிக்கொடுத்தே ஓய்வு வயதை அடைய நான் தயாரில்லை.

போட்டித் தலைப்பு ‘எங்கள் ஊர்’. வகுப்பில் பேர் கேட்டாலும் மெல்லத்தான் சொல்லும் ஒரு பிள்ளையின் படத்தை அனுப்பினேன். தாளில் முக்கால்வாசி வானமும் தண்ணீரும். தண்ணீர் நீலமில்லை, மழைக்குப் பிறகு வாவி எடுக்கும் தேத்தண்ணி நிறம். நட்டநடு வாவியில் ஒருவர் இடுப்பளவு தண்ணீரில், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வீச்சுவலையைத் தோளில் போட்டபடி நிற்கிறார். அவ்வளவுதான்.

மட்டக்களப்பு ரவுணில் ஒரு மண்டபத்தில் நடுவர்கள் இருந்தார்கள். படங்களைச் சுவரில் தொங்கவிட்டு, கீறிய பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்திக் கேள்வி கேட்பார்கள். பதிலுக்கும் புள்ளி உண்டு. ஆசிரியர்கள் பின்னால் இருக்கலாம், வாய் திறக்கக் கூடாது. என்னைப் போன்ற ஒருத்திக்கு அதைவிடப் பெரிய தண்டனை வேறில்லை. எங்கள் படத்துக்கு வலப்பக்கமும் மலை, இடப்பக்கமும் மலை. பச்சையும் நீலமுமாகப் பளபளத்தன. எங்கள் படம் கழுவாத சட்டை போல நடுவில் தொங்கியது.

மூத்த நடுவர் மலைநாட்டுக்காரர். எங்கள் படத்துக்கு முன்னால் வந்து நெற்றியைச் சுருக்கினார்.

“நடுத் தண்ணியில ஆள் நிக்கிறாரே மகள், தோணி எங்கே? அளவு பிழைச்சுப் போச்சே.”

போச்சு, சுகாதாரம்தான் என்று நினைத்தேன்.

“இல்ல சேர்” என்றாள் அவள். “அந்த இடத்தில இடுப்பளவுதான் தண்ணி. எங்கட அப்பா அதிலதான் நிண்டு வீசுறவர். எனக்கு நெஞ்சளவு வரும்.”

“சரி. பின்னால இவ்வளவு இடத்தை வெறுமையா விட்டிருக்கிறீங்களே, படம் முடியல்லையா?”

அவள் திரும்பித் தன் படத்தை ஒருதரம் பார்த்தாள்.

“அங்க ஒண்டும் இல்ல சேர். இருந்தாக் கீறியிருப்பன்.”

நடுவர் வலப்பக்கத்து மலையைப் பார்த்தார், இடப்பக்கத்து மலையையும் பார்த்தார், சிரிக்கத் தொடங்கினார். “நான் மலையில பிறந்து வளர்ந்தவன். இப்பிடி ஒரு மலையை நான் கண்டதேயில்லை” என்றார். மண்டபமே சிரித்தது. மலை கீறிய பிள்ளைகளும் சேர்ந்துதான் சிரித்தார்கள். முதலாம் இடம் எங்களுக்கு. வாய் திறக்கக் கூடாது என்ற சட்டத்தை நான் அந்த நிமிடமே உடைத்தேன். கூவினேன் என்றுதான் சொல்லவேண்டும்.

படத்தைக் கண்காட்சிக்கு வைத்துக்கொண்டார்கள். அதை என் போனில் பிடித்துக்கொண்டு, குருமண்வெளித் துறைக்கு வந்து பாதையில் ஏறினோம். வாவியைக் கடக்க ஆட்களும் மோட்டார் சைக்கிள்களும் ஏறும் மிதவையை நாங்கள் பாதை என்றுதான் சொல்வோம். பக்கத்தில் நின்ற மீன் வியாபாரி எட்டிப் பார்த்து, போனை வாங்கி, விரலால் படத்தைப் பெருப்பித்தார்.

“இது நம்மட கோயிலடி மச்சானல்லோ! நிண்ட நிலையிலயே தெரியுது.”

“ஓம், வலையைத் தோளில போட்டாரெண்டாச் சாஞ்சுதான் நிப்பார்” என்றார் இன்னொருவர்.

முகமே கீறாத படம் அது. போன் கைக்குக் கை மாறிப் பாதையின் மறுகோடி வரைக்கும் போனது. எல்லோரும் அந்த முதுகைப் பார்த்து அவள் அப்பாவின் பேரைச் சொன்னார்கள். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தாள். அவள் சத்தமாகச் சிரித்து நான் கேட்டது அன்றுதான். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

யாரோ ஒருவரின் கையில் இருக்கும்போதே போன் அடித்தது. மீன் மணத்தோடு என்னிடம் வந்து சேர்ந்தது. அதிபர்தான்.

“டீச்சர், கேள்விப்பட்டன். நல்ல சந்தோசம். அடுத்த வருசமும் சித்திரம் இரிக்கும்.”

“அது இரிக்கும் சேர்” என்றேன். “இனி வாற பிள்ளைகளுக்கு அந்த ஒரு வாங்குதான் போதாது.”

பாதையில் நின்றவர்கள் பேச்சை நிறுத்தி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“சரி, நம்மட பள்ளிக்கூடத்துப் பெரிய மண்டபத்தையே எடுங்க” என்றார் அதிபர்.