கைதட்டலில் ஒரு குறை

"கம்முனு இருங்க, பெரியவரு வர்றாரு" என்று கோபால்சாமி கையைத் தூக்கிவிட்டால் வீட்டில் ஈ கூடப் பறக்கக் கூடாது. வருகிற பெரியவர் வாசல் வழியாக வரமாட்டார். டேப் ரிக்கார்டருக்குள்ளிருந்து வருவார்.

காவலூர் வானாராய்ச்சிக் கூடத்து விடுதியில் கோபால்சாமிக்குச் சமையல் வேலை. அங்கே இன்ஜினீயராக இருக்கும் தாண்டவராயன் ஆறு மாதப் பயிற்சிக்கு வெளியூர் போனபோது, மலை ஈரத்தில் கெட்டுப்போகாமல் அவ்வப்போது ஓட்டி வைக்கச் சொல்லி, தன் டேப் ரிக்கார்டரையும் ஒரே ஒரு கேசட்டையும் இவரிடம் விட்டுப் போனார். அவ்வப்போது என்றுதான் சொன்னார். நம் ஆள் தினம் இரண்டு வேளை ஓட்டினார்.

ஏதோ சீமையில், ஓர் ஓட்டலில், ஆட்கள் எதிரே உட்கார்ந்து கேட்கக் கேட்க அப்படியே பதிந்த ஜாஸ் இசை அது. பாட்டு கிடையாது. மூன்றே பேர். ஒருவர் பியானோ, ஒருவர் டிரம், மூன்றாமவர் ஆள் உயரத்துக்கு நிற்கும் பெரிய வயலின் போன்ற ஒன்றின் தடித்த கம்பிகளை விரலால் சுண்டுகிறவர். இவ்வளவும் இன்ஜினீயர் சொல்லிக் கொடுத்தது. மற்றதெல்லாம் கோபால்சாமியின் சொந்தக் கண்டுபிடிப்பு. பியானோக்காரர் மூத்த மாப்பிள்ளை, வாய் ஓயாது. டிரம்காரர் முறத்தில் சாமை புடைக்கிற மாதிரி சரசரவென்று தேய்ப்பார். அதில் சொக்கிப்போய் இவர் உலையைப் பொங்க விட்ட நாளும் உண்டு.

கம்பிக்காரர்தான் பெரியவர். அவர் தனியே வாசிக்கிற நேரம் பார்த்துத்தான் அந்த ஓட்டல்காரர்களுக்குப் பேச்சு வரும். கண்ணாடி டம்ளர்கள் மோதிக்கொள்ளும். வாசித்து முடித்தால் பட்பட்டென்று நாலு தட்டல், அவ்வளவுதான். பியானோவுக்கோ கூரையே பிய்த்துக்கொண்டு போகும்.

"அவரு வாசிக்கறப்பதான் இவனுங்களுக்குத் தாகம் எடுக்குது பாரு!" என்று கொதிப்பார். திருவிழாவில் பம்பை அடித்தவனுக்கும் ஜால்ரா தட்டியவனுக்கும் ஒரே படியால் சாமை அளக்கிற ஊரில் பிறந்த மனுஷன், பொறுக்குமா? குறைகிற கைதட்டலைத் தானே தட்டி நிரப்புவார். வந்த விருந்தாளியையும் விடமாட்டார், தட்ட வைப்பார். மனைவி அம்மாக்கண்ணு மட்டும் புளியில் கொட்டை எடுக்கிற கையை நிறுத்தியதே இல்லை.

"ஏன்யா, நீ இங்க தட்றது அந்தாளு காதுல வுழப் போவுதா?"

"வுழாதுதான். அதுக்குன்னு கம்முனு இருந்துட முடியுமா?"

இன்ஜினீயர் ஊர் திரும்பிவிட்டார், ஞாயிற்றுக்கிழமை வந்து பொருளை எடுத்துக்கொள்வார் என்று தகவல் வந்தது. கோபால்சாமிக்குச் சோறு இறங்கவில்லை. கேசட் போகிறதே என்பதுகூட அப்புறம்தான். கேசட்டுக்குள் இருக்கும் பெரியவருக்கு ஒரு மரியாதையும் செய்யாமல் அனுப்புகிறோமே என்பதுதான் பெரிய குறை. சனிக்கிழமை பஸ் பிடித்து ஆலங்காயம் போய் வந்தார். எதற்கென்று யாரிடமும் மூச்சு விடவில்லை.

ஞாயிறு காலை இன்ஜினீயர் வந்தார், டீ குடித்தார், கேசட்டைப் பைக்குள் போட்டார். கோபால்சாமி மடிப்புக் கலையாத புதுத் துண்டு ஒன்றை எடுத்து வந்தார்.

"கம்பிக்காரருக்கு, சார்."

"வாசிச்சது மூணு பேராச்சே. ஒரு துண்டுதானா?"

"மத்த ரெண்டு பேருக்குதான் அத்தினி பேரு தட்னாங்களே, சார்."

"அவர் எங்க இருக்காரோ, எனக்கே தெரியாது, கோபால்சாமி."

"அவரு சார்பா நீங்க வாங்கிக்கங்க. ஆளு வர முடியலன்னா சபையில அப்பிடித்தானே செய்றாங்க?"

இன்ஜினீயருக்குச் சிரிப்பு வரத்தான் பார்த்தது. கோபால்சாமியின் முகத்தைக் கண்டதும் எழுந்து நின்று தோளைத் தாழ்த்திக் கொடுத்தார். கோபால்சாமி துண்டை உதறிப் போர்த்தினார்.

அம்மாக்கண்ணு புளி ஒட்டிய கைகளைப் புடவையில் துடைத்துக்கொண்டு தட்டினாள்.