செட்டியார் வரைந்த கப்பல்

ஈரம் காயாத வானத்தின் மேல் சுப்புராமன் செட்டியார் ஐந்தாவது முறையாக நீலம் தடவிக்கொண்டிருந்தார். முதல் பூச்சில் அது வானம்தான். மூன்றாவதில் மழை வரும்போல் இருந்தது. இப்போது சாக்கடை.

"கைய எடுங்க செட்டியாரே! காயட்டும்னு எத்தன தடவ சொல்றது?" என்றார் அகுஸ்தேன். காரைக்காலிலிருந்து வந்து, வியட்நாமின் சைகோனில் ஒரு பள்ளியில் இருபது வருடம் ஓவியம் கற்பித்து ஓய்வு பெற்றவர்; செட்டியாருக்கு 'முசே', அதாவது பிரெஞ்சு ஐயா. ஓய்வு என்பது, செட்டியாருக்குப் பாடம் நடக்கும் செவ்வாய்க்கிழமை தவிர மற்ற நாட்களில்தான்.

"ஒரே ஒரு இழுப்பு முசே. இந்த ஓரம் மட்டும் செத்த வெளிறிக் கெடக்கு."

அந்த வெளிறிய ஓரத்தைத்தான் அகுஸ்தேன் மேகம் என்று சொல்லி விட்டுவைக்கச் சொல்லியிருந்தார்.

செட்டியாருக்கு ஐம்பத்து மூன்று வயது. மத்தியச் சந்தைக்கு எதிரே துணிக்கடை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தைந்தில், அமெரிக்கப் பட்டாளம் வந்திறங்க, சக வணிகர்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது, அவர் நீர்வண்ணப் பெட்டி ஒன்று வாங்கினார். காரைக்குடியிலிருந்து மனைவி ராக்கம்மை, எப்போது வருகிறீர்கள் என்று எழுதிக் கேட்டாள். 'மரம் வந்துவிட்டது; தண்ணீர்தான் இன்னும் பிடிபடவில்லை' என்று பதில் போனது.

தண்ணீரையும், வீட்டில் போட்டுப் பழகிய கப்பலையும் நேரில் பார்த்துப் பிடிக்க ஒரு ஞாயிறு காலை துறைமுகத்து ஆற்றங்கரைக்குப் போனார். யுத்தகாலத்தில் போர்க்கப்பலுக்கு நேர் எதிரே மடக்கு நாற்காலியைப் போட்டுப் படம் வரையத் தோன்றுவதற்குத் தனி அறிவு வேண்டும். அது அவருக்கு இருந்தது. பத்தே நிமிடத்தில் போலீஸ் படத்தையும் அவரையும் ஜீப்பில் ஏற்றியது. படத்தை மட்டும் பத்திரமாக.

வியட்நாமிய அதிகாரி படத்தை மேசையில் விரித்தார். "துறைமுகத்தை வரைந்து யாருக்கு அனுப்புகிறாய்?"

உளவாளி என்று முடிவானவர்கள் வீடு திரும்பியதாகச் செட்டியார் கேள்விப்பட்டதில்லை. அவர் கெஞ்சியதில், அகுஸ்தேனை அழைத்துவர ஆளனுப்பினார்கள்.

அகுஸ்தேன் வந்து பிரெஞ்சில் நிதானமாக விளக்கினார்: இவர் என் மாணவர், இவருக்கு வரைய வராது.

அதிகாரி படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் இளகியது. "இது எருமைதானே?" என்று தன் மொழியில் கேட்டார்.

துணி விற்க அவர் பழகியிருந்த வியட்நாமிய மொழியில் எருமை என்ற சொல்லும் இருந்தது. செட்டியாருக்குப் பயம் போய்விட்டது.

"எருமையா? கப்பலுய்யா! இந்தா கொடிமரம், இந்தா பீரங்கி! சொல்லுங்க முசே அவருக்கு!"

"வாய மூடுங்க! எருமையா இருந்தாத்தான் நீங்க வீட்டுக்குப் போவீங்க."

"அதெப்படி? நாலு வாரமாக் கப்பல் போட்டுல்ல பழகியிருக்கேன்?"

நல்லவேளையாக இந்த வாக்குமூலம் தமிழில் இருந்தது. "எருமைதான் என்கிறார்" என்று அகுஸ்தேன் பிரெஞ்சில் பெயர்த்தார்.

அதிகாரி ஒரு தாளில் எழுதி நீட்டினார். இப்படத்தில் இருப்பது எருமை, எந்தக் கப்பலும் அல்ல என்று அதில் இருப்பதை அகுஸ்தேன் சொன்னார். கையெழுத்துப் போட்டால் இருவரும் போகலாம்.

செட்டியார் பேனாவை வாங்கி வெகுநேரம் வைத்திருந்தார். கடைசியில் போட்டார். அதிகாரி பேனாவுக்குக் கை நீட்டுவதற்குள், படத்தைத் தன் பக்கம் இழுத்து, அடியில் தமிழில் கொட்டை எழுத்தில் எழுதினார்: 'கப்பல்.'